சீயோன்விளை ஐயர்

ஜூன் 1, சனி

சாமான்கள் இறங்கிவிட்டன. பீரோவின் ஒரு கால் வழியிலேயே உடைந்துபோயிற்று. செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம்.

குருமனை வாசலில் சபையார் நாற்பது பேர் காத்திருந்தார்கள். சபைச் செயலர் வேதமுத்து அண்ணாச்சி பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி வந்தார். நான் தலையைக் குனிந்தேன். பொன்னாடை என்னைத் தாண்டிப் போய், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தோளில் விழுந்தது.

"தோத்திரம் ஐயரே. வாங்க, வாங்க."

இவர் அப்போதுதான் வாழைப்பழத்தை வாயில் போட்டிருந்தார். அவசரமாக விழுங்கிவிட்டு, "அண்ணாச்சி, நான் பஸ் கண்டக்டர். ஐயர் அவதான்" என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "கை பழக்கத்துல போயிட்டு" என்றார். போன பொன்னாடை திரும்பி வரவில்லை. என்னைப் பார்த்து, "வாங்க ஐயரம்மா" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் சபையின் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் என்ன சாதி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐயரைக் கட்டிக்கொண்டவள் ஐயரம்மா. பெண்கள் சங்கம் நடத்துவதும் பேராயர் வந்தால் கறி சமைப்பதும் ஐயரம்மா வேலை. ஞானஸ்நானம், கல்யாணம், நற்கருணை, அடக்கம் எல்லாம் ஐயர் வேலை. நான் ஏழு வருஷம் படித்து, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கக் குருப்பட்டம் வாங்கியது கறி சமைக்க அல்ல.

எனக்கு அந்த வார்த்தை ஒன்றும் பெரிதில்லை. வேலை நடந்தால் போதும்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் நற்கருணை ஆராதனை. கோயிலில் இருநூறு பேருக்குக் குறையாது. பலிபீடத்துக் கிராதி முன்னால் வந்து முழங்காலிட்டுக் கை நீட்டியவர்கள் முப்பத்தொரு பேர். மற்றவர்கள் கடைசிப் பாட்டு வரைக்கும் பெஞ்சிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வேதமுத்து அண்ணாச்சி கோயிலிலேயே இல்லை. நற்கருணைக்காக மோட்டார் சைக்கிளில் பக்கத்துச் சேகரத்துக்கு, அதாவது அடுத்த ஐயரின் சபை வட்டாரத்துக்கு, போய்விட்டாராம். அங்குள்ள பாக்கியநாதன் ஐயர் கையால் வாங்கினால்தான் இறங்குமாம்.

மீதி அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஒழுங்குப்படி நானே உட்கொண்டேன். நூற்றெழுபது பேருடையது. வயிறு நிறைந்தது.

ஜூன் 20, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டாரில் எலி.

இதுவரை என்னைக் கூப்பிட்ட விதங்கள்: ஐயரம்மா, டீச்சர், மேடம், அக்கா, சிஸ்டர், "ஏங்க". கோயில்குட்டி மோசே இன்னும் கெட்டிக்காரர். கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிறவர், தினமும் ஐந்து முறையாவது என்னிடம் பேசியாக வேண்டியவர். ஒரு முறைகூட எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதவைப் பார்த்து, "மணி அடிக்கட்டுமா?" என்பார். கதவு பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

இவரை மட்டும் பஸ்ஸில் "ஐயரே, சில்லற தாங்க" என்கிறார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவலி.

ஜூலை 16, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதத்தான் வேண்டும்.

கீழத்தெருவில் ஒரு சாவு. வீட்டில் ஜெபம் நடத்தினேன். பெட்டி கிளம்பியது. அங்கி போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். ஊரெல்லையில் ஒரு ஓடைப் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். பாலம் வந்ததும் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். இந்த ஊரில் பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. பாலத்தோடு சரி.

நான் பாலத்தில் கால் வைக்கும்போது வேதமுத்து அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

"இதுக்கு மேல பொம்பளையாளு வந்த வழக்கமில்ல."

"நான் அடக்கம் பண்ண வந்திருக்கேன் அண்ணாச்சி."

"சாவு வீட்டுல சண்டை வேண்டாம். புஸ்தகத்தத் தாங்க."

செத்தவரின் மகன் என்னைப் பார்த்தான். அழுது வீங்கிய முகம். அவனை வைத்துக்கொண்டு தெருவில் வாதாட எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி என் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடக்க ஜெபத்தை அவரே வாசித்தார். நான் அங்கியோடு பெண்கள் நடுவில் நின்றேன். ஒருத்தி எனக்குக் குடை பிடித்தாள்.

சமாதானத்துக்காக விட்டுக்கொடுத்தேன் என்று இவரிடம் சொன்னேன். இவர் காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 17, புதன்

சமாதானமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நற்கருணைக்கு நாற்பத்தாறு பேர். என்னை மாற்றச் சொல்லிப் பேராயருக்கு மனு போயிருக்கிறது. முதல் கையெழுத்து யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தை ஐந்து நிமிஷம் கூட்டப் போகிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

நேற்று மோசே வந்து கதவிடம் சொன்னார்: "கனகக்கா உங்களப் பாக்கணுங்காக. நாளைக்குப் பத்து மணிக்கு. அண்ணாச்சி அளத்துக்குப் போயிருவாக."

கனகபுஷ்பம், உப்பளம் வைத்திருக்கும் வேதமுத்து அண்ணாச்சியின் மனைவி. ஐம்பத்து நான்கு வயது. வயிற்றில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் வந்த நாளிலிருந்து கோயிலுக்கு வந்ததில்லை. எழுந்து நடந்தால்தானே வருவதற்கு.

போனேன். கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். கை மட்டும் வீங்கியிருந்தது. உட்காரக்கூடச் சொல்லவில்லை, நேரே கேட்டுவிட்டார்.

"எனக்கு நற்கருணை வேணும். நாலு மாசத்துக்கு மேலாச்சு. அவுக பாக்கியநாதன் ஐயரக் கூட்டியாரேன்னு சொல்லுதாக. எனக்கு எதுக்கு வெளியூர் ஐயரு? எங்க ஊர்ல ஐயர் இருக்கும்போது?"

நான் கையிலிருந்த சின்னப் பெட்டியைத் திறக்க மறந்து நின்றேன்.

"என்ன ஐயரே, அப்படியே நிக்கீங்க? எனக்கு ரொம்ப நேரம் தாங்காது."

கொடுத்தேன். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு ஓடைப் பாலத்துல நின்னுட்டீங்களாமே?"

"ஆமாக்கா."

"எனக்கு அப்படி நிக்கக் கூடாது. பாதி வழியில என்ன விட்டுட்டு நின்னீங்கன்னா, நான் பெட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சி வந்து கேப்பேன். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணக் கூடாது என்று போதிக்கிறவள் நான். பண்ணினேன்.

குருமனைக்கு வந்து பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டாம் முறை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று பேசிக்கொண்டோம். நான் போய்ச் சேரும்போது அண்ணாச்சியின் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புகிறது. தலை மறைந்த பிறகுதான் உள்ளே போனேன். திருடி மாதிரி இருந்தது.

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. இஸ்திரி போட்ட துணி, மடிப்புக் கோடு தெரிந்தது. ஃபிளாஸ்கில் காப்பி, இரண்டு டம்ளர். யார் செய்தது என்று கேட்டேன். கனகக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "யாரோ செஞ்சாக. நீங்க ஆரம்பிங்க" என்றார். தங்கச்சி மகள் யாராவது வந்துபோவாள் போலிருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

மழை. மூன்று நாளாகத் துணி காயவில்லை. குருமனைச் சமையலறையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, இரண்டு வாளி.

அண்ணாச்சி இந்த மழையிலும் பத்து மணிக்கு உப்பளத்துக்குப் போய்விட்டார். மனுஷன் எனக்கு எதிரிதான், ஆனால் உழைப்பாளி. அது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நான் கடல் இல்லாத ஆலங்குளத்துக்காரி. உப்பு கடையில் கிடைக்கும் என்பது தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கனகக்காவால் அப்பத்தை விழுங்க முடியவில்லை. ரசத்தில் நனைத்துத் துளியூண்டு வைத்தேன். போதும் என்று கண்ணால் சொன்னார்.

இவரிடம் மட்டும் இந்த வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "மழையிலயா அளத்துக்குப் போறாரு? அந்த ரோட்டுல பஸ்ஸு போறப்ப பாத்தேன். பாத்தி எது கடல் எதுன்னு தெரியாம கெடக்கு" என்றார். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

வெள்ளைத் துணி. ஃபிளாஸ்க். இரண்டு டம்ளர். இன்றைக்குப் புதிதாக ஒரு ஜாடியில் மூன்று செம்பருத்தி.

கனகக்கா என்னை ஐயரே என்று கூப்பிட்டது இன்றோடு இருபத்திரண்டு முறை. எண்ணவில்லை. தானாக நினைவில் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

மாலை ஐந்தரைக்குக் கனகக்கா போய்விட்டார். மோசே ஓடி வந்து சொன்னார். நான் போகும்போது வாசலில் ஆண்கள் கூட்டம். அண்ணாச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

உள்ளே போய் நெற்றியில் கை வைத்து ஜெபித்தேன். வெளியே வரும்போது அண்ணாச்சியின் தம்பி சொன்னார்: "நாளைக்கு அடக்கம் பாக்கியநாதன் ஐயர் நடத்துதாக. நீங்க சிரமப்பட வேண்டாம்."

டிசம்பர் 9, திங்கள்

காலை ஏழு மணிக்குப் பாக்கியநாதன் ஐயர் போன் பண்ணினார். நல்ல மனிதர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஒழுங்கு உங்களுக்குத் தெரியுமே ஹெப்சிபா. ஒரு சேகரத்துக்குள்ள இன்னொரு சேகரத்து ஐயர் அடக்கம் பண்ணணும்னா உள்ளூர் ஐயரோட சம்மதக் கடிதம் வேணும். குடும்பத்துலருந்து கேட்டு வாங்கச் சொல்லியிருக்கேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்களேன். பிரச்சனை முடிஞ்சிரும்."

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. என்னை ஒதுக்கிவைக்க வேண்டும் என்றால் என்னிடமே வந்து கேட்க வேண்டும்!

எட்டு மணிக்கு அண்ணாச்சியின் தம்பி காகிதத்தோடு வந்தார். "பெறுநர்: கனம் சேகர ஐயர் அவர்கள், சீயோன்விளை" என்று தலைப்பிட்டிருந்தது. ஆறு மாதத்தில் இந்த ஊரார் எனக்கு அந்த வார்த்தையை எழுதியது இதுதான் முதல் தடவை. இரண்டு முறை வாசித்தேன்.

"ஐயர்னு போட்டிருக்கீங்களே. யாரு அது?"

"அது... ஒரு முறைக்குப் போடுறது."

"சரி. அந்த முறைப்படி ஐயர் சொல்லுதேன், சம்மதம் கிடையாது. இந்தச் சபையில செத்தவங்கள இந்தச் சபை ஐயர்தான் அடக்கம் பண்ணணும். நான் பண்ணுவேன். கல்லறை வரைக்கும் வருவேன். போய்ச் சொல்லுங்க."

"பொணத்த வீட்டுல வச்சிக்கிட்டு ரோசம் பேசுதீங்களே, நல்லாருக்கா?" என்று கத்தினார்.

நல்லாயில்லை. தெரியும். ஆனால் ஜூலை மாதம் கொடுத்த புத்தகத்தை இன்னொரு தடவை கொடுக்க என்னிடம் இல்லை.

பத்து மணி. பாக்கியநாதன் ஐயர் கடிதம் இல்லாமல் நடத்த மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. பதினொரு மணிக்குத் தெருவில் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோயில் மணிக்கூண்டின் கீழ் ஐந்தாறு பேர் மோசேயைச் சூழ்ந்து நின்றார்கள். அடக்கத்துக்கு மணி அடித்தால்தான் பெட்டி கிளம்பும். நாமே தூக்கிக்கொண்டு போவோம், நீ அடி என்கிறார்கள்.

மோசே கயிற்றைத் தூணில் சுற்றிக் கட்டிவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

"ஐயர் சொல்லட்டும். அடிக்கேன்."

"எந்த ஐயருவே?"

"நம்ம ஊருக்கு எத்தன ஐயரு?"

கதவிடம் மட்டுமே பேசுகிற மனுஷன். நான் ஜன்னலை விட்டு நகர்ந்து, இவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். எழுத வெட்கம்தான், ஆனாலும் நடந்தது.

மதியம் இரண்டு மணிக்கு வேதமுத்து அண்ணாச்சி தனியாக வந்தார். மழைத் தூறலில் சட்டை நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சண்டைக்குத் தயாராகத்தான் நானும் நின்றேன்.

"அவ உங்கள என்னன்னு கூப்பிட்டா?" என்று கேட்டார்.

"எப்போ?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை."

எப்போது தெரியும், யார் சொன்னது என்று உளறினேன்.

"மழைக்காலத்துல அளத்துல என்ன வேல இருக்கு?" என்றார். "ஐப்பசி கார்த்திகையில ஒரு பயலும் அங்க போக மாட்டான். நான் போயி தண்ணிக்குள்ள கெடக்க பாத்தியப் பாத்துக்கிட்டு ஷெட்டுல உக்காந்திருப்பேன். ஒரு மணி நேரம். பெறகு வருவேன்."

"அந்தத் துணி?"

"நான்தான் தேச்சேன். அவளுக்குக் கை ஏது."

இந்த மனுஷன் ஷெட்டில் தனியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் மனசு இளகத்தான் செய்தது. இளகிய அதே நேரம் கோபமும் வந்தது. இரண்டு டம்ளர் வைக்கத் தெரிந்தவருக்கு மனுவில் கையெழுத்துப் போடாமல் இருக்கத் தெரியவில்லையே.

"ஐயரேன்னு கூப்பிட்டாங்க அண்ணாச்சி. முதல் நாள்லருந்தே."

அவர் தலையை ஆட்டினார். "என்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவா. ஐயர் இன்னைக்கு இன்னது சொன்னாகன்னு. நான் காதுல விழாத மாதிரி இருப்பேன்."

"பாலம் தாண்டி வருவேன்" என்றேன். "கனகக்காட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க மறிச்சாலும் வருவேன்."

அவர் மழையில் இறங்கிப் போனார். நான் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு மோசேயிடம் மணி அடிக்கச் சொன்னேன்.

நான்கு மணிக்குப் பெட்டி கிளம்பியது. ஜெபப் புத்தகம் சாவு வீட்டு மேஜையில் இருந்தது. எடுக்கப் போனபோது அண்ணாச்சி முந்திக்கொண்டு எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இன்னொரு ஜூலை என்றுதான் நினைத்தேன். அடக்க ஜெபம் எனக்கு மனப்பாடம். புத்தகம் இல்லாவிட்டால் போகிறது என்று நடந்தேன்.

ஓடைப் பாலம் வந்தது. பெண்கள் நின்றார்கள். நான் நிற்கவில்லை. பாலத்தின் நடுவில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் பெட்டி, அதற்குப் பின்னால் ஊர். அவர் கக்கத்திலிருந்து புத்தகத்தை எடுத்தார். மேலே விழுந்திருந்த தூறலைத் துண்டால் துடைத்தார். என்னிடம் நீட்டினார். முகத்தை ஓடைப் பக்கம் வைத்துக்கொண்டார்.

வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மண் போட்டு, ஜெபம் முடித்து, கனகபுஷ்பம் என்று முழுப்பெயரையும் உரக்கச் சொல்லி அடக்கம் பண்ணினேன். திரும்பிப் பார்த்தபோது கல்லறைத் தோட்ட வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். பாலத்தை எப்போது தாண்டினார்கள் என்று தெரியவில்லை. அவர்களைத் திரும்பிப் போகச் சொல்ல அன்றைக்கு ஒருத்தருக்கும் தெம்பு இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

காய்ச்சல். கஞ்சி. இவர் லீவு போட்டுவிட்டார்.

டிசம்பர் 12, வியாழன்

பத்து மணிக்குப் பழக்கத்தில் கால் அந்தத் தெருவுக்குப் போயிற்று. ஆறுதல் ஜெபத்துக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. அண்ணாச்சி வீட்டில் இருந்தார். மேஜைமேல் வெள்ளைத் துணி. ஃபிளாஸ்க். இரண்டு டம்ளர். கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, துணிக்கு முன்னால் நின்றார். வேட்டி நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டார்.

"எனக்குத் தருவீங்களா, ஐயரே?"

ஆறு மாதமாக எந்த வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தேனோ, அந்த வாயிலிருந்து வந்துவிட்டது. பெட்டியின் கொக்கியைத் திறக்கக் கையை வைத்துவிட்டேன்.

பிறகு எடுத்துவிட்டேன்.

"தரமாட்டேன் அண்ணாச்சி."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு நான் குடுத்தது கனகக்காவுக்கு எந்திரிக்க முடியாததால. உங்களுக்குக் கால் நல்லாத்தான இருக்கு? ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க. எல்லாரும் பாக்க வந்து முழங்கால் போடுங்க. அங்க தாரேன்."

காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

இவர் கேட்டார், ரொம்பக் கடுமையாகப் போய்விட்டதோ என்று. போயிருக்கலாம். துக்க வீட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் ஒளிந்துகொண்டு ஐயராக இருக்க இனி என்னால் ஆகாது.

டிசம்பர் 14, சனி

நற்கருணைப் பாத்திரம் துலக்கினேன். மோசே வந்தார்.

"நாளைக்கு எத்தன பேருக்கு அப்பம் எடுத்து வைக்கட்டும் ஐயரே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எப்பவும் போல" என்றேன். பிறகு, "ஒண்ணு கூடுதலா வைங்க."

டிசம்பர் 15, ஞாயிறு

மாற்றல் மனு இன்னும் பேராயர் அலுவலகத்தில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

நற்கருணைக்கு அழைத்ததும் வழக்கம்போலக் கோயில் அசையவில்லை. ஆண்கள் பக்கம் முன்வரிசையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஒற்றை ஆளின் செருப்பில்லாத காலடி, கிராதி வரைக்கும்.

அப்பம் போதவில்லை. மோசேயை அனுப்பி இன்னும் எடுத்துவரச் சொன்னேன்.